அனீஸ் வாசலில் யார் தொப்பி

அயல்நாட்டார் ஒன்பது பேர் எங்கள் ரொட்ரீக் தீவின் மலையூரில் தங்கியது பதினோரு நாளும் ஆறு மணி நேரமும். அதற்குள் அந்தப் பாட்டு நாற்பத்து மூன்று முறை பாடப்பட்டது. நாற்பத்து மூன்றாவது முறை முடிவுவரை போகவில்லை.

எண்ணியது நான். மீன்வள அலுவலகத்தில், எட்டுக் கையுள்ள பேய்க்கணவாய்களை எண்ணுவது என் வேலை. ஆங்கிலம் தெரியும் என்பதால் ஊர் மன்றத்தார் என்னை இரவல் வாங்கியிருந்தார்கள். வந்தவர்கள் காலையில் எங்கள் சேகா ஆட்டமும் மேளமும் கற்பார்கள். மதியத்துக்குப் பிறகு தாழை ஓலையில் தொப்பி பின்னுவார்கள். கடைசி நாள் ஊர் கூடும். அதைப் படம்பிடித்துக்கொண்டுபோய் அவரவர் நாட்டில் சொல்லிக்கொடுப்பார்கள்.

நடத்தியவள் லெயோன்தின் அத்தை. ரொட்ரீக் தீவில் மேளம் பெண்கள் கையில்தான். அவள் கை போல இன்னொரு கை இல்லை. நாக்கும் அப்படித்தான். யார் வீட்டில் எது நடந்தாலும் ஞாயிற்றுக்கிழமைக்குள் பாட்டாகிவிடும்.

பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன், ஒரு மழைநாள் விடியலில், அனீஸ் வீட்டு வாசலில் ஓர் ஆண்பிள்ளைத் தொப்பி கிடந்தது. அனீஸுக்கு அப்போது இருபது வயது. தனியாக இருந்தாள். மறுமாதம் கல்யாணம். தொப்பியைப் பார்த்தவள் ஆடு ஓட்டிக்கொண்டு போன லெயோன்தின் அத்தை ஒருத்திதான். வேறு யாரும் வருவதற்குள் அனீஸ் அதை உள்ளே எடுத்துப்போய்விட்டாள். யாருடையது என்று கடைசிவரை சொல்லவில்லை. அந்த ஞாயிறு அத்தை பாடினாள்:

யார் தொப்பி, யார் தொப்பி,
அனீஸ் வாசல்ல யார் தொப்பி?
காத்துதான் போட்டுச்சோ, கடலுதான் போட்டுச்சோ,
அனீஸ் வாசல்ல யார் தொப்பி?

கல்யாணம் நின்றுபோனது. பாட்டு தீவு முழுவதும் போனது. நாங்கள் பள்ளிவிட்டு வரும்போது அவள் வேலி ஓரம் நின்று பாடுவோம். நானும் பாடியிருக்கிறேன்.

இந்தப் பதினோரு நாளும் பயிற்சி நடந்த ஊர் மண்டபத்தில் சமைத்தவள் அனீஸ்தான். மக்காச்சோளக் களி, சிவப்புப் பயறு, எலுமிச்சைத் தொக்கு. சமையற்கட்டுக்கும் ஆட்டக்களத்துக்கும் நடுவே கதவு கிடையாது. ஒன்பது பேரும் அவள் பெயரை ஒன்பது விதமாக உச்சரித்துப் பாடிப் பழகியதை அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

மூன்றாம் நாள் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"அக்கா, கடைசி நாள் நிகழ்ச்சில அந்தப் பாட்டு மட்டும் வேணாமே."

"எந்தப் பாட்டு?" என்றாள் அத்தை. மேளத்தின் ஆட்டுத்தோலை நெருப்பில் காட்டிக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்குத் தெரியும்."

"எனக்கு எரநூறு பாட்டு தெரியும். எதுன்னு நீதான் பாடிக் காட்டணும்."

களத்தில் இருந்த எங்கள் ஊர்ப் பெண்கள் சிரித்தார்கள்.

"இங்க பாடுறது பாடிட்டுப் போங்க. படம் புடிச்சு ஊர் ஊராக் கொண்டுபோவாங்களாம்க்கா. நான் பாக்காத ஊர்ல எல்லாம் என் பேரு..."

"சந்தோசப்படு. நீதான் போகல, உன் பேராவது கப்பல் ஏறட்டும். களி அடிபுடிக்கிற வாசன வருது, போ."

அனீஸ் உள்ளே போனாள். களி அடிபிடிக்கவில்லை. நான் பார்த்தேன்.

லாத்வியாவிலிருந்து வந்த இல்ஸே என்னிடம் அந்தப் பாட்டுக்கு அர்த்தம் கேட்டாள். தொலைந்துபோன ஒரு தொப்பியைப் பற்றிய வேடிக்கைப் பாட்டு என்றேன். அழகாக இருக்கிறது என்று எழுதிக்கொண்டாள். நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

இல்ஸே தறி நெய்பவள். ஐந்தாம் நாளே அவளுடைய தொப்பி எங்கள் பெண்கள் பின்னியதைவிட நேராக இருந்தது. அத்தை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"விளிம்பு சரியில்ல. இதோ இப்படி. மூணு ஓலை முன்னாடி, ஒண்ணு பின்னாடி திரும்பி முடிச்சுக்குள்ள ஒளியணும். வெளிய தெரியக் கூடாது, தடவிப் பாத்தா தெரியணும்."

நான் மொழிபெயர்த்தேன். பக்கத்தில் பின்னிக்கொண்டிருந்த எங்கள் ஊர்க் கொர்தேலியா முகத்தைச் சுளித்தாள். "பதினஞ்சு வருசமாக் கேக்குறேன். எனக்குச் சொல்லித் தரலயே, அத்தை?"

"உனக்குச் சொன்னா நாளைக்கே சந்தையில வித்துருவ. இவ கொண்டுபோயி பனியிலதான் போட்டுக்குவா. இது எங்க அம்மா முடிச்சு. நானே ஒரே ஒரு தலைக்குத்தான் போட்டேன்."

அந்தத் தலை அங்கேதான் இருந்தது. எவனோர் மாமா, அத்தையின் கணவர். சுவரோரம் உட்கார்ந்து, தாளம் போடும் முக்கோணக் கம்பியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். ரொட்ரீக் வெயிலில் தொப்பியில்லாமல் அலையும் ஆண் அவர் ஒருவர்தான். வழுக்கைத் தலை தோலுரிந்து கிடக்கும்.

அவருக்கு ஏன் தொப்பி இல்லை என்று இல்ஸே கேட்டாள். நான் அதையும் மொழிபெயர்த்தேன்.

"கடல்ல காத்து அடிச்சிட்டுப் போயிருச்சாம். பத்திரமா வச்சிக்கத் தெரியாதவருக்கு இன்னொண்ணு எதுக்கு?" என்றாள் அத்தை. "என்ன, நான் சொல்றது சரிதானே?"

மாமா தலையாட்டினார். அவர் அதிகம் பேசமாட்டார். அனீஸ் பாட்டுக்கு மட்டும் முக்கோணம் அவர்தான் அடிக்க வேண்டும், வேறு யாரையும் அத்தை விட்டதில்லை. பத்தொன்பது ஆண்டுகளில் ஒரு தாளம் தப்பியதில்லை என்பார்கள்.

எட்டாம் நாள் அத்தை அனீஸைக் களத்துக்குள் இழுத்தாள்.

"பாட்டுக்குச் சொந்தக்காரி சமையல்கட்டுல இருந்தா எப்படி? வாடி, வந்து சொல்லிக்குடு. எந்த எடத்துல இடுப்பு திரும்பணும், எந்த எடத்துல கதவு திறக்கணும்னு உனக்குத்தானே நல்லாத் தெரியும்."

அயல்நாட்டார் கைதட்டினார்கள். சமையல்காரியை மரியாதையாக அழைக்கிறார்கள் என்று நினைத்தார்கள். நான் திருத்தவில்லை. அனீஸ் ஆடினாள். எங்கள் ஆட்டத்தில் தனியாக ஆடுகிறவர் எதிரே வேறொருவர் புகுந்து துணையாக ஆடலாம். யாரும் அவளுக்காகப் புகவில்லை. பாட்டு முடியும்வரை தனியாக ஆடினாள். தண்ணீர் குடிக்கும் குழாயருகே அவளிடம் போனேன்.

"நீங்க வேலைய விட்டுட்டுப் போயிரலாமே, அனீஸக்கா."

"ஓடிட்டான்னு ரெண்டாவது பாட்டு வரும்." முகத்தைக் கழுவினாள். "நான் கதவத் திறக்கவே இல்ல. தெரியுமா உனக்கு? ரெண்டு மணி நேரம் தட்டினான். கட்டில இழுத்துக் கதவுக்கு முட்டுக் குடுத்துட்டு உக்காந்திருந்தேன். விடிஞ்சதும் பாத்தா தொப்பி கெடக்கு."

"யாருன்னு தெரியாதா?"

"குரல் தெரியாதா எனக்கு?"

"அப்ப சொல்லியிருக்கலாமே!"

"யார் நம்பியிருப்பா? நீ நம்பியிருப்பியா? வேலிக்கு வெளிய நின்னு பாடினியே, முன்பல்லு விழுந்த வாயோட."

நான் குழாயை மூடிவிட்டுக் களத்துக்குத் திரும்பினேன்.

கடைசி நாள், நிகழ்ச்சி தொடங்கும் முன், களத்தின் நடுவே கம்பு நட்டு ஒரு தொப்பியை மாட்டலாம் என்று இல்ஸே யோசனை சொன்னாள். பாட்டுக்குப் பொருத்தமாக இருக்கும், படத்துக்கும் நன்றாக இருக்கும் என்றாள். புதுத் தொப்பி வேண்டாம், பழையது யாரிடமாவது இருக்குமா?

"எங்கிட்ட இருக்கு" என்றாள் அனீஸ்.

அவள் வீட்டுக்குப் போய்வர இருபது நிமிடம் ஆனது. மாவுப் பையில் சுற்றிக் கொண்டுவந்தாள். ஓலை சாம்பல் நிறமாகியிருந்தது. கம்பில் மாட்டிவிட்டுச் சமையற்கட்டு வாசலில் போய் நின்றாள். கையில் அகப்பை.

அத்தை அப்போது மறுபக்கம் திரும்பி மேளத்தை நெருப்பில் காய்ச்சிக்கொண்டிருந்தாள். ஊரில் நூற்றிருபது பேர் கூடியிருந்தார்கள். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அத்தை திரும்பி வந்து உட்கார்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டுதான் அவள் பாட ஆரம்பிப்பாள்.

யார் தொப்பி, யார் தொப்பி.

ஊர் திருப்பிச் சொன்னது. மாமாவின் முக்கோணம் கூடவே வந்தது. ஒன்பது பேரும் கம்பைச் சுற்றி ஆடினார்கள். இல்ஸேயின் முறை வந்தபோது அவள் கம்பிலிருந்த தொப்பியைக் கழற்றித் தலையில் வைக்கப் போனாள். வைக்கவில்லை. அவள் விரல் விளிம்பைத் தடவிக்கொண்டு ஒரு சுற்று போனது. முகம் மலர்ந்துவிட்டது. பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்த பிள்ளையைப் போல அத்தையிடம் ஓடிவந்து, ஆங்கிலத்தில் சத்தமாக ஏதோ சொன்னாள். மாமாவைக் காட்டி இன்னொன்றும் சொன்னாள்.

முக்கோணம் நின்றுவிட்டது. மாமாவுக்கு ஆங்கிலம் தெரியாது. தொப்பியைத் தெரியும்.

அத்தை கண்ணைத் திறந்தாள். இல்ஸேயின் கையைப் பார்த்தாள். மேளம் இரண்டு அடி தானாகப் போய் நின்றது. அவள் முகத்தில் எல்லாம் இருந்தது, ஆச்சரியம் மட்டும் இல்லை.

"என்னவாம்?" என்று என்னைக் கேட்டாள் கொர்தேலியா பின்னாலிருந்து. "என்னடி சொல்றா வெள்ளக்காரி? கத்தித் தொலை, எல்லாருக்கும் கேக்கட்டும்."

"பாட்டு நல்லாருக்குன்னு சொல்றா. அப்படித்தானே?" அத்தை என்னைப் பார்த்தாள். "அப்படித்தானேடி, படிச்சவளே?"

அனீஸும் என்னைப் பார்த்தாள். நூற்றிருபது பேரும் பார்த்தார்கள். கூட்டத்தில் நான் ஒருபோதும் சத்தமாகப் பேசியதில்லை.

"இல்ல, அத்தை" என்றேன். "'இது உங்க கை முடிச்சு, ஒரே தலைக்குப் போட்டேன்னு சொன்னீங்களே, அதான் இது. எவனோர் மாமா கடல்ல தொலைச்ச தொப்பி கிடைச்சிருச்சு'ன்னு சொல்றா."