பூசை அறையில் அந்தோணியார்

ஆறுமுகப்பெருமாள் பகை பிடித்தால் லேசில் விடுகிற ஆள் இல்லை. கைதவிளை ஆற்றங்கரையில் அவருக்கு ஒரு தென்னந்தோப்பு இருந்தது. தோப்புக்குள் ஏத்தன் வாழை, நடுவில் ஒரு கிணறு. கரையோரம் நின்ற தென்னையில் கீழ்த்துறை மீனவன் மரியஜான் தன் வள்ளத்தைக் கட்டிப்போடுவது வழக்கம். கயிறு உரசி மரத்தில் வடு விழுந்தது. அதைப் பார்த்ததும் மனுஷனுக்குப் பொறுக்கவில்லை. வெட்டுக்கத்தியோடு போய்க் கயிற்றை அறுத்தே விட்டார். வள்ளம் தன்பாட்டுக்கு மிதந்து போய், ஆறு கடலில் சேரும் இடத்து மணலில் முட்டி நின்றது. நல்லகாலம், கடல் கொண்டுபோகவில்லை. அன்றோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது. ஒரு தென்னைக்காக இப்படியா என்று யாராவது கேட்டால், "மரத்துக்கு வாயிருந்தா அதுவே கேட்டிருக்கும் வே" என்பார்.

குழித்துறையைத் தாண்டி வரும் ஆறு அது. மணலை அள்ளி அள்ளி அதைக் குழியாக்கி வைத்திருந்தார்கள் சில புண்ணியவான்கள். குழி விழுந்த ஆற்றுக்குள் வேனல்காலத்தில் கடல் ஏறி வந்தது. 2012 கடைசியில் மழையும் கைவிட்டது. மாசி மாதம் ஒரு காலையில் ஆறுமுகப்பெருமாளின் மனைவி பகவதியம்மாள் தேயிலைத் தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பினாள்.

"கேட்டேளா, நம்ம கெணத்துலயும் உப்பு ஏறிட்டு."

ஆறுமுகப்பெருமாள் வாங்கிக் குடித்துப் பார்த்தார். கைதவிளைக்கும் கீழ்த்துறைக்கும் வேனலில் மிஞ்சுகிற நல்ல தண்ணீர் அந்தக் கிணறு ஒன்றுதான். மரியஜானோடு பேச்சில்லையே தவிர, அவன் மனைவி விக்டோரியா குடத்தோடு வந்தால் அவர் ஒருநாளும் தடுத்ததில்லை. அந்த மட்டுக்கு நியாயஸ்தர்தான். கிணறு போனால் இரண்டு ஊரும் குடத்தைத் தூக்கிக்கொண்டு எங்கே போகும்? உப்பு ஏறிய மண்ணில் வாழைதான் நிற்குமா?

பக்கத்துத் தோப்புக்காரர் குமாரதாஸ் கைதவிளை ஆட்களைக் கூட்டினார். கீழ்த்துறையில் தேவாலயப் பங்குப்பேரவை கூடியது. மனு கொடுத்துக் கொடுத்து இரண்டு ஊருக்கும் அலுத்துப் போயிருந்தது. கடல் ஏறாதபடி இனி நாமே ஆற்றை மறிப்போம், மழை பிடித்ததும் வெட்டிவிடுவோம் என்று முடிவானது.

கடல்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. கிடைக்கிற ஒரே ஓய்வு நாள் அது. அதையும் ஆற்றுக்குக் கொடுத்தார்கள் அந்த மக்கள்! பூசை முடிந்த கையோடு கோயில் உடுப்பை மாற்றிவிட்டு வந்து தண்ணீரில் இறங்கினார்கள். கைதவிளைக்காரர்கள் தென்னந்தடியும் ஓலையும் தேங்காய்த் தொண்டும் கொண்டுவந்தார்கள். குமாரதாஸ் தன் வீட்டுக்குப் பின்னால் நின்ற செம்மண் மேட்டையே வெட்டிக்கொள்ளச் சொன்னார். பெண்கள் சும்மாடு கட்டி மண் சுமந்தார்கள். மத்தியானம் எல்லோருக்கும் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும். சைவக்காரரான ஆறுமுகப்பெருமாள் மட்டும் தள்ளி உட்கார்ந்து காந்தாரி மிளகு தொட்டுக் கிழங்கைத் தின்றார். தின்றுவிட்டு அவரும் மண் சுமந்தார். வாரா வாரம் வேலை நடந்து, இரண்டு கரையிலிருந்தும் அணை நீண்டு வந்தது.

நடுவில் ஒரு வாய் மட்டும் மூடவே இல்லை. இடம் குறுகக் குறுக வேலியேற்றத்தில் கடலிலிருந்து ஏறும் தண்ணீருக்கு வெறி கூடியது. போட்ட மண் மூட்டையெல்லாம் உருண்டு ஓடியது. இத்தனை பேர் பாடும் வீண்தானா என்று எல்லோரும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு நின்றபோது, மரியஜான் தன் வள்ளத்தைத் துடுப்பால் துழைந்து வந்தான். அவனுக்கு இருந்தது அது ஒன்றுதான். அயினி மரத்தில் செய்த பழைய வள்ளம்.

"இத குறுக்க விட்டு முக்கிப் போடுவோம்" என்றான். "உள்ள மூட்டைய அடுக்கினா நிக்கும்."

சோறு போடுகிற வள்ளத்தை முக்கு என்று எந்த வாயால் சொல்வது? விக்டோரியாதான் தலைச்சுமையை இறக்கிவிட்டுச் சொன்னாள்: "முக்குங்க. உப்புத்தண்ணியில பிள்ளையளுக்குக் கஞ்சி வைக்க முடியுமா?"

வள்ளத்தின் முன்மூக்கில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தோணியார் நின்றார். அவரை வைத்துக்கொண்டு வள்ளத்தை முக்குவது அவர்கள் வழக்கத்தில் கிடையாது. இறக்கி ஒருவர் கையில் கொடுக்க வேண்டும். வள்ளம் மறுபடி மிதக்கும்வரை புனிதர் அந்த வீட்டில்தான் இருப்பார். மரியஜான் பெட்டியைக் கழற்றிக்கொண்டு கரையேறினான். சொந்தக்காரர்களைக் கடந்தான், குமாரதாஸையும் கடந்தான். ஆறுமுகப்பெருமாள் முன்னால் வந்து நின்றான்.

"பிடியுங்க அண்ணாச்சி. மத்தவன்கிட்ட குடுத்தா மறந்திருவான். நீங்க ஒண்ணையும் மறக்க மாட்டியளே."

கூட்டம் சிரிப்பை அடக்கிக்கொண்டது. ஆறுமுகப்பெருமாளுக்குக் காது சூடானது. ஆனாலும் இரண்டு கையையும் நீட்டி வாங்கினார்.

வள்ளம் முங்கியது, வாய் மூடியது. பூசை அறையில் முருகனுக்குப் பக்கத்தில் அந்தோணியார் இடம் பிடித்தார். பகவதியம்மாள் இரண்டு பேருக்கும் சேர்த்தே விளக்கு வைத்தாள். பங்குனி பிறந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கிணறு தெளிந்தது. மரியஜான் அடுத்தவன் வள்ளத்தில் கூலிக்குப் போய்வந்தான். விடியற்காலையில் அவன் தூக்குவாளியோடு தோப்பைக் கடந்து போவதைப் பார்க்கும்போதெல்லாம் ஆறுமுகப்பெருமாளுக்குத் தண்ணீரின் இனிப்பு தொண்டையிலேயே நின்றது. கூப்பிட்டு ஒரு வார்த்தை பேசலாம். வீம்பு விட்டால்தானே!

வைகாசி கடைசியில் மழை அடித்துப் பிடித்துக்கொண்டு வந்தது. அணைக்குப் பின்னால் ஆறு பெருகி, தாழ்வாகக் கிடந்த ஆறுமுகப்பெருமாளின் தோப்புக்குள் முதலில் ஏறியது. ஓணத்துக்கு வெட்ட வேண்டிய ஏத்தன் அப்போதுதான் குலை தள்ளி நின்றது. குமாரதாஸ் மண்வெட்டியோடு ஓடிவந்தார், பின்னால் இரண்டு ஊரும் வந்தது. எந்த இடத்தில் வெட்டினாலும் பாய்கிற வெள்ளம் அணையை மொத்தமாக வாரிக்கொண்டு போகும். வள்ளமும் கூடப் போகும். அது எல்லோருக்கும் தெரியும்.

"வெட்டுங்க" என்றான் மரியஜான். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

"எவனும் தொடப்பிடாது!" ஆறுமுகப்பெருமாள் அணைமேல் ஏறி நின்று கத்தினார். "மொதல்ல வள்ளத்த எடுங்கலே."

"அண்ணாச்சி, ஒங்க வாழையில முட்டளவு வெள்ளம் நிக்கு" என்றார் குமாரதாஸ்.

"நிக்கட்டும். எனக்க வீட்டுல இருக்கப்பட்டவர நான் எங்க கொண்டு எறக்குவேன்? கடல்லயா?"

கீழ்த்துறை ஆண்கள் முங்கி முங்கி வள்ளத்துக்குள் கிடந்த மூட்டைகளை எடுத்தார்கள். கைதவிளைக்காரர்கள் கயிறு போட்டு இழுத்தார்கள். தோப்பில் இளகிய மண்ணில் வாழைகள் குலையோடு சாய்கிற சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. பெற்ற பிள்ளையைப் போல் பார்த்த வாழை. ஆனாலும் திரும்பிப் பார்க்கவில்லை, மனுஷன்.

சாயங்காலம் வள்ளம் எழும்பியது. ஒரு பலகை பிளந்திருந்தது, மற்றபடி முழுசாக இருந்தது. அதன் பிறகே மண்வெட்டி விழுந்தது. அணை ஒரே இரைச்சலில் கடலுக்குப் போய்ச் சேர்ந்தது.

ஆறுமுகப்பெருமாள் வீட்டுக்குப் போய் அந்தோணியாரைத் தூக்கிக்கொண்டு வந்தார். மரியஜான் வெள்ளத்தின் இழுப்பில் நின்று வள்ளத்தைக் கயிற்றோடு பிடித்துக்கொண்டிருந்தான். கட்டுவதற்குக் கரையில் ஒரு குற்றிகூட மிச்சமில்லை, எல்லாம் வெள்ளத்தில் போயிருந்தது. பக்கத்தில் நின்ற அந்தத் தென்னையை மட்டும் அவன் பார்க்கவே இல்லை. ஆறுமுகப்பெருமாள் பெட்டியை வள்ளத்தில் இறக்கி வைத்தார். அவன் கையிலிருந்த கயிற்றை வாங்கினார். தோளில் கிடந்த துண்டை எடுத்து, மடித்து, பழைய வடுவின் மேல் சுற்றி, அதன்மேல் கயிற்றை இறுக்கிக் கட்டினார்.

"இனியும் வடு விழுந்துதுன்னா கேப்பேன், கேட்டியா?"

"கேளுங்க அண்ணாச்சி" என்றான் மரியஜான். "நீங்க கேட்டு எத்தன நாளாச்சு."