கை வெந்தது எங்கே

விடியுமுன்பே கொட்டை வறுக்கிற டிரம் சுற்றத் தொடங்கிவிடும். செங்கல் பக்கம் ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே நிற்கிற எங்கள் அண்டி ஆபீசின், அதுதான் முந்திரி ஆலையின், குழலிலிருந்து கரும்புகை கிளம்பினால், முந்திரி வறுக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று பாறசாலை ரோடு வரைக்கும் தெரியும். அந்தப் புகை தொண்டைக்குள் போய் எரியும். பெண்கள் நாங்கள் இருட்டோடு கஞ்சி குடித்துவிட்டு வந்து அவரவர் கல்லுக்கு முன்னால் உட்காருவோம். முதல் வேலை, இரண்டு கையிலும் சாம்பலை அள்ளித் தடவிக்கொள்வது. கொட்டையின் ஓட்டில் ஒரு எண்ணெய் உண்டு. அது பட்ட இடம் கறுக்கும், வேகும், பிறகு தோல் உரியும். சாம்பல் இருந்தால் கொஞ்சம் தாங்கும். இடது கை கொட்டையைக் கல்லில் நிறுத்தும், வலது கை கட்டையால் தட்டும், பருப்பு உடையாமல் வெளியே வர வேண்டும். உடைந்தால் கூலி குறையும். இப்படித் தட்டித் தட்டியே எங்கள் விரல்ரேகை எல்லாம் அழிந்துவிட்டது. ரேஷன் கடை மெஷினில் விரலை வைத்தால் ஆளைத் தெரியவில்லை என்று அது கைவிரிக்கிறது.

என் பெயர் பிரசீதா. இந்த ஆபீசில் சங்கத்துக்காகப் பேசுகிறவள் நான். சங்கம் என்றால் கட்டிடமும் மேசையும் உள்ள சங்கம் இல்லை. மத்தியானச் சோற்றுநேரத்தில் பலாமரத்து அடியில் கூடுகிற பெண்கள்தான் சங்கம்.

டிரம் வாசலின் கொக்கி தேய்ந்துபோய்விட்டது, மாற்ற வேண்டும் என்று யோசுவா மேஸ்திரி மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். டிரம்முக்குத் தீ போடுகிறவர் அவர். முதலாளி விஜயதாஸ் ஒரு கம்பியை வைத்துக் கட்டச் சொன்னார். ஓணம் கழிந்த பிறகு ஒரு காலையில் அந்தக் கம்பி அறுந்தது. தீப்பிடித்த கொட்டை மொத்தமும் செல்லபாயக்காவின் வலது கையில் கொட்டியது. வெளியே விழுகிற கொட்டைமேல் சாம்பல் தூவுவது அவள் வேலை. முழங்கை வரை வெந்துபோய்விட்டது.

முதலாளி என்ன சொன்னார் தெரியுமா? அவள் வீட்டு அடுக்களையில் கஞ்சி வடிக்கும்போது கையில் ஊற்றிக்கொண்டாள் என்றார். ஆபீசில் நடந்தது என்று ஒத்துக்கொண்டால் வைத்தியச் செலவு கொடுக்க வேண்டும், நஷ்டஈடு கொடுக்க வேண்டும், கொக்கியையும் மாற்ற வேண்டும். டிரம் பக்கத்தில் அன்றைக்கு இருந்தது இரண்டே பேர். செல்லபாயக்கா ஒருத்தி, மற்றவர் யோசுவா மேஸ்திரி. நாங்கள் போய்க் கேட்டபோது, திரும்பி நின்றேன், ஒன்றும் பார்க்கவில்லை என்று தரையைப் பார்த்துச் சொன்னார். ஆபீசுக்குப் பின்னால் அவர் குடும்பத்தோடு இருக்கிற வீடு முதலாளிக்குச் சொந்தமானது. வாயைத் திறந்தால் தெருவில் நிற்க வேண்டும். எங்களுக்கு அது புரிந்தது, ஆனாலும் மனசு ஆறவில்லை. செல்லபாயக்கா வீட்டில் ஒற்றைக் கையோடு கிடந்தாள். டிரம் வாசலில் புதிதாக ஒரு கம்பியைக் கட்டி, அவள் இடத்தில் வேறொருத்தியை நிறுத்தினார்கள்.

ஊரில் பேச்சு பரவியது. தொழிலாளிகள்மேல் பாசமுள்ளவர் என்று காட்டி அதை அடக்கத்தான் முதலாளி டிவிக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஒரு வீட்டு மனைவியை இன்னொரு வீட்டுக்கு ஒரு வாரம் மாற்றி அனுப்பி, அங்கே அவள் முழிக்கிற முழியை ஊருக்கெல்லாம் காட்டுகிற நிகழ்ச்சி. பணக்கார வீட்டுக்காரி குடிசையில் மூக்கைப் பொத்த வேண்டும், ஏழை வீட்டுக்காரி பங்களாவில் வாயைப் பிளக்க வேண்டும். அதைப் பார்த்துக்கொண்டு வீட்டுக்கு வீடு சாயா குடிப்பார்கள். முதலாளியின் மனைவி லேகா, எங்களோடு கொட்டை தட்டுகிற லிஷாவின் வீட்டுக்கு வருவாள், லிஷா பங்களாவுக்குப் போவாள் என்று முடிவாயிற்று. லிஷாவை ஏன் பிடித்தார்கள் என்றால், அவள் அதிர்ந்து பேசமாட்டாள். சபைக்கோயிலில் பாடும்போது மட்டும்தான் அவள் குரல் வெளியே கேட்கும்.

அவள் புருஷன் சஜன் ஆட்டோ ஓட்டுகிறவன். என் பெண்டாட்டி என்ன கடைச்சாமானா என்று கோபித்துக்கொண்டு, முடியவே முடியாது என்றான். பலாமரத்தடியில் வைத்து நாங்கள்தான் அவனை இணங்க வைத்தோம். கடைசி நாளில் இரண்டு குடும்பத்தையும் எதிரெதிரே உட்கார வைத்துப் பேசச் சொல்வார்கள். அப்போது லிஷா, கேரளம் முழுக்கக் கேட்கிற மாதிரி, செல்லபாயக்காவின் கையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும் என்பது எங்கள் திட்டம்.

"எனக்குப் பேடியா இருக்குக்கா. கேமராவுக்க முன்ன நாக்கு எழும்பாது" என்று பயந்தாள் லிஷா.

"அவளுக்க கையை நெனச்சுக்கோ மக்கா. நாக்கு தன்னால எழும்பும்" என்றேன்.

பங்களாவில் முதல் வேலையாக அவளுக்குப் பட்டுச்சேலை கட்டி, கறுத்த கைகளின்மேல் சாயம் பூசினார்களாம். இந்தக் கை டிவியில் நன்றாக இருக்காது என்றார்களாம். அதே நாளில் லேகாவை ஆபீசுக்குக் கூட்டிவந்து லிஷாவின் கல்லுக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். நான் சாம்பல் சட்டியை அவள் பக்கம் நகர்த்தினேன். அந்த நிகழ்ச்சியை நடத்துகிற ஆர்யா என்ற பெண் ஓடிவந்து சட்டியை எடுத்துவிட்டாள்.

"சாம்பல் வேண்டா சேச்சி. மேடத்துக்க கை வெளுப்பா தெரியணும்" என்றாள்.

சாம்பல் இல்லாமல் கொட்டையைத் தொட்டால் கை போய்விடும் என்று நான் சொன்னேன். இரண்டு முறை சொன்னேன். கொஞ்ச நேரம்தானே என்றாள். அந்தக் கொஞ்ச நேரம் சாயங்காலம் வரை நீண்டது. எரிகிறது, நிறுத்தட்டுமா என்று லேகா கேட்டாள். இன்னும் ஒரு தடவை, இன்னும் ஒரு தடவை என்று எடுத்துக்கொண்டே இருந்தார்கள். அவளும் எங்களைப் போல ஒரு பெண்தான், பார்க்கப் பொறுக்கவில்லை. கடைசியில் விரல் எல்லாம் கொப்புளித்து அவள் அலறியபோது முதலாளியின் கார் பறந்து வந்தது. திருவனந்தபுரத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். செல்லபாயக்கா தன் கை வெந்த அன்று நெய்யாற்றின்கரை சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போனது சஜனின் ஆட்டோவில்.

கடைசி நாள் முடிந்து வந்த லிஷா என் தோளைப் பிடித்துக்கொண்டு, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் அக்கா என்றாள். சொல்லும்போது அழுகை வந்துவிட்டதாம், அழுதுகொண்டே சொல்லி முடித்தாளாம்.

நிகழ்ச்சி வந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எல்லோரும் சஜனின் வீட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். செல்லபாயக்காவும் வந்திருந்தாள். டிவியில் லேகாவின் கொப்புளம் வந்த கைதான் திரும்பத் திரும்ப வந்தது, பின்னால் சோக வயலின் வேறு. முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆபீசில் வேலை செய்து என் மனைவியின் கை வெந்துபோயிற்று, இனி என் தொழிலாளர்கள் என் சொந்த மக்கள் என்றார். பிறகு லிஷா வந்தாள். பட்டுச்சேலையில், சாயம் பூசிய கையால் முகத்தைப் பொத்தி அழுதாள். அவள் சொன்ன ஒரு வார்த்தையும் வரவில்லை. இவ்வளவு அன்பை வாழ்நாளில் கண்டதில்லை என்று அவள் நெகிழ்ந்து அழுவதாக ஒரு குரல் விளக்கம் சொன்னது.

செல்லபாயக்காவுக்காக அழுத அழுகையை முதலாளிக்கு நன்றியாக மாற்றிவிட்டார்கள். சீ, என்ன பிழைப்பு இது. லிஷா சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். செல்லபாயக்காதான் இடது கையால் அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

நிகழ்ச்சி வந்து முடியட்டும் என்று காத்திருந்தார்கள் போல, மறுநாள் விடிகாலையில் கேட்டில் லிஷாவை மட்டும் தடுத்தார்கள். கேமரா முன்னால் ஆபீசின் பெயரைக் கெடுக்கப் பார்த்தாள், இனி வேலை இல்லை என்று உத்தரவாம். ஒருத்திக்கு இல்லாத வேலை எங்களுக்கும் வேண்டாம் என்று நாங்கள் வெளியே நின்றோம். விஷயம் கேட்டு செல்லபாயக்காவும் வந்து சேர்ந்தாள். உள்ளே எங்கள் கற்கள் காலியாகக் கிடந்தன. டிரம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

வெயில் ஏறியதும் முதலாளியின் கார் வந்தது. மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போகிற வழி போல. பின்சீட்டில் லேகா, கட்டுப்போட்ட இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். முதலாளி இறங்கி, உள்ளே போகாதவர்களுக்கு இனி இங்கே இடமில்லை என்றார்.

"கொச்சம்மாக்க கை எங்க வச்சு வெந்தது மொதலாளி?" என்று லேகாவைக் காட்டிக் கேட்டேன்.

"ஊரு முழுக்க கண்டதல்லியா? ஆபீசிலதான்."

"ஒரு பகல் இருந்தவங்களுக்கு ஆபீசில வெந்தது. கல்யாணம் கழிஞ்ச நாள் தொட்டு இஞ்ச நிக்கிய செல்லபாயக்காக்க கை மட்டும் அடுக்களையில வெந்ததாக்கும்?"

அவர் முகம் சிவந்தது. "அதும் இதும் ஒண்ணா? இவளுக்கு வெந்ததை கேமரா கண்டது. அவளுக்கு வெந்ததை எவன் கண்டான்? சாட்சி உண்டெங்கில் கொண்டு வா."

நான் காரின் பக்கம் திரும்பினேன். கொச்சம்மா, நீங்களாவது சொல்லுங்கள், அந்தக் கொட்டை கையை என்ன செய்யும் என்று கேட்டேன். லேகா தன் கட்டுகளைப் பார்த்தாள். உதடு அசைந்தது. பிறகு டிரைவரிடம் ஏதோ சொன்னாள், கண்ணாடி மேலே ஏறிவிட்டது. முதலாளி போனை எடுத்து, போலீசை விளிப்பேன் என்றார்.

அப்போதுதான் டிரம் நின்றது. காலையிலிருந்து காதில் இரைந்துகொண்டிருந்த சத்தம் சட்டென்று அடங்கியதில் எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். குழலில் புகை மெலிந்துகொண்டே வந்தது. யோசுவா மேஸ்திரி தலைத்துண்டை உதறிக்கொண்டு கேட்டைத் தாண்டி வந்து எங்கள் பக்கம் நின்றார். முகமெல்லாம் கரி.

"தீயை எறக்கியாச்சு" என்றார். "கொக்கி மாத்தாம இனி டிரம் சுத்தாது."

"எலே யோசுவா, யாருக்க வீட்டில கெடக்கியன்னு ஓர்மை உண்டா?"

"உண்டு மொதலாளி. எனக்க கெட்டியவ பாத்திரமெல்லாம் எடுத்து வைக்கா." அவர் செல்லபாயக்காவைக் கையால் காட்டினார். "கம்பி அறுந்ததும், அவளுக்க கையில தீ விழுந்ததும் நான் கண்டதாக்கும். எந்தக் கோர்ட்டிலயும் வந்து சொல்லுவேன்."

முதலாளி போனைக் காதில் வைத்துக்கொண்டு காருக்குள் ஏறிக் கதவை அடித்துச் சாத்தினார். செல்லபாயக்கா மேஸ்திரியின் பக்கத்தில் போய் நின்றாள்.

போலீஸ் வரட்டும் என்று நாங்கள் கேட்டுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தோம். கொக்கி மாறவில்லை, லிஷாவுக்கு வேலை இல்லை, செல்லபாயக்காவுக்கு ஒரு நல்ல வார்த்தை கூடக் கிடைக்கவில்லை. சஜன் ஆட்டோவைக் கொண்டுவந்து நிறுத்தி, மேஸ்திரி வீட்டுச் சாமானை எங்கே இறக்க வேண்டும் என்று கேட்டான். அதற்குப் பெண்களுக்குள் சண்டை வந்துவிட்டது. எனக்க வீட்டில இறக்கு என்றாள் ஒருத்தி, உனக்க வீட்டில எடம் ஏது, எனக்க வீட்டில இறக்கு என்றாள் இன்னொருத்தி. போலீஸ் ஜீப் வளைவில் திரும்புகிற சத்தம் கேட்டபோதும் அவர்கள் விடுவதாக இல்லை.