மூன்று ஏக்கர் கறுப்பு மண்

வெள்ளானூர் மணவாளன் 1982-ல் தன் நிலத்தில் ஐந்து ஏக்கரை வழித்துத் தைலமரம் நட்டார். காகித ஆலைக்காரர்கள் வாங்கிக்கொள்வார்கள் என்று கேள்வி. மீதி மூன்று ஏக்கரில் புங்கை, நாவல், இலுப்பை, அழிஞ்சில், ஒதியம் என்று யாரும் நடாத மரங்கள் தம் போக்கில் நின்றன. வடிவு என்ற பெண்ணின் பிழைப்பு அந்த மூன்று ஏக்கரில்தான் இருந்தது.

திருமுல்லைவாயிலில் புது வீடு கட்டியவர்களுக்கு அவள் பூச்செடி வளர்த்து விற்றாள். செடிப் பைகளுக்கு மண் அந்தத் தோப்பிலிருந்து. ஒரே இடத்தில் இரண்டு கூடைக்கு மேல் அள்ள மாட்டாள். அந்த மண் ஏன் அப்படிப் பொலபொலவென்று இருக்கிறது என்பதையும் பார்த்துப் பார்த்தே தெரிந்துகொண்டிருந்தாள். புங்கை இலை ஒரு மழைக்குள் மக்கிவிடும். நாவல் இலை தடிப்பு. அடுத்த கோடை வரை கிடந்து தரையை மூடிக் காக்கும். ஒன்று தீரும்போது இன்னொன்று இருப்பதால் மண்புழுவுக்கு வருஷம் முழுக்கச் சாப்பாடு. தைலமரத்தடியில் எண்ணெய் ஊறிய ஒரே வகை இலைதான். புழு வாய் வைக்காது. தரை கட்டாந்தரையாகக் கிடக்கும்.

1988 தை மாதம், மூன்று ஏக்கரையும் வழித்துத் தைலம் போடப்போவதாக மணவாளன் டீக்கடையில் சொன்னார். மறுநாள் காலை வடிவு இரண்டு காய்ந்த மண்கட்டிகளோடு அங்கே வந்து நின்றாள்.

"இன்னாமே, காலங்காத்தால மண்ணு விக்க வந்துகீறே?" என்றார் மணவாளன்.

"விக்கல நைனா. ரெண்டு கிளாஸ்ல தண்ணி ஊத்தச் சொல்லு. பாத்துகினே இரு."

தைலமரத்தடிக் கட்டி தண்ணீரில் விழுந்ததும் பொரிந்து கலைந்து சேறானது. தோப்புக் கட்டி உடையவில்லை. அதைச் சுற்றித் தண்ணீர் தெளிந்திருந்தது.

"உள்ள வெள்ளையா நூலாட்டம் பூசணம் ஓடுது நைனா. பல மரத்து வேரும் புழுவும் இதுவும் சேந்து மண்ண ஒட்டி வெச்சிகீது. மழத்தண்ணி சந்து சந்தா உள்ள எறங்கும். தைலங்காட்டுல மேலயே வழிஞ்சு ஓடிடுது. உன் கெணறு பின்ன எப்படி வத்திச்சின்ற?"

மணவாளன் கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். பக்கத்தில் இருந்த லாரிக்காரன் கஜபதியும் எட்டிப் பார்த்தான்.

"மச்சான், இம்மாம் நல்ல மண்ணா அது?"

"சரிமே, தைலம் போடல. போ" என்றார் மணவாளன்.

அந்த வாரம் முழுக்க வடிவுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒன்பதாம் நாள் கூடையோடு போனபோது தோப்பில் பாதி மரம் சாய்ந்து கிடந்தது. மணவாளனும் கஜபதியும் பக்கத்தில் நிற்க, மூன்று லாரிகளில் கறுப்பு மண் ஏறிக்கொண்டிருந்தது. அம்பத்தூர் பங்களாக்களில் தோட்டம் போடுவதற்காம்.

"தைலம் போட மாட்டேன்னியே நைனா!"

"போட்டனா? ஒரு தைலங்கன்னு காட்டு பாப்போம். தங்கமாட்டம் மண்ணுன்னு நீதானமே சொன்ன? தைலம் வெட்ட இன்னும் எத்தினி வருசம் காத்துகினு கெடக்கறது?"

"மரம் இல்லாம அந்த மண்ணு நிக்காது நைனா. மேல எல வுழாட்டி புழு செத்துடும். ரெண்டே வருசம், அதுவும் கல்லு மாதிரி ஆயிடும்."

"ரெண்டு வருசம் கழிச்சு எவன் வந்து கேக்கப் போறான்?" என்று கஜபதி சிரித்தான். பிறகு குழியைப் பார்த்து முகம் சுளித்தான். ஆட்கள் ஆழமாக வெட்டியதில் அடியிலிருந்த சரளை கலந்து வந்தது. "வடிவு, உனக்குத்தான் கண்ணு கீதே. எதுவரிக்கும் நல்ல மண்ணுன்னு காட்டேன். உன் ஊட்டாண்ட ஒரு லோடு எறக்கறேன்."

வீட்டில் இருநூறு பைகள் காலியாகக் கிடந்தன. இனி அள்ள வேறு இடமில்லை. வடிவு கூடையை வைத்துவிட்டுக் குழிக்குள் இறங்கி, கறுப்பு முடிந்து சிவப்பு தொடங்கும் இடத்தில் விரலால் கோடு இழுத்தாள்.

"இதுவரிக்கும்."

ஆட்கள் அந்தக் கோடு வரை சுரண்டினார்கள். சாயங்காலம் வரை ஒவ்வொரு குழியாக இறங்கிக் காட்டினாள். ஒரு இடத்தில்கூடத் தப்பாகச் சொல்லவில்லை.