நடைத் துணையின் எடை

குறைந்துதான் இருக்கும், சந்தேகமே இல்லை, நேற்றே ரவிக்கை தொளதொளவென்று போய்விட்டது, ஊரெல்லாம் எடை குறையாதா என்று ஏங்க, சுப்புலக்ஷ்மிக்கு மட்டும் கொஞ்சம் ஏறியிருக்கக் கூடாதா என்று... எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா? கிளம்பும்போது சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள், இருக்கிறதிலேயே கனமான பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டாள், மந்தைவெளிப் பூங்காவுக்கு யாராவது பட்டில் வருவார்களா, "இன்னா மாமி, கல்யாணமா?" என்று கைசர் ஜஹான் சிரித்தாள், எடை பார்க்கும் வரிசையில் அவள் இவளுக்கு முன்னால் நிற்கிறாள், நிம்மதியாக, நல்ல மனுஷி, அதுதான் கஷ்டமே. பள்ளிவாசல் கமிட்டியும் குடியிருப்போர் சங்கமும் தெருமுனை கிளினிக்கும் சேர்ந்து ஆரம்பித்த எடைக்குறைப்புத் திட்டம், இந்தத் தெருப் பெண்ணுக்கு அந்தத் தெருப் பெண் நடைத் துணை, ஜோடியாக நடங்கள் என்றார்கள், நடந்தார்கள், ஆனால் வெறுங்கையோடு எப்படி வருவது? முதல் வாரமே டப்பா மாறியது, அப்புறம் வாராவாரம், இவள் அக்காரவடிசில், அவள் ஃபிர்னி, அல்வா, கேக். "முட்டை போடல மாமி, சட்டிகூட புதுசு," என்று கைசர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள், சுப்புலக்ஷ்மியும் வாங்கிக்கொண்டாள், வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்தாள், ஏலக்காய் வாசனை வந்தது, கை போகவில்லை. ஏன் போகவில்லை? யார் தடுத்தார்கள்? யாருமில்லை, அவளாகத்தான், இந்தக் காலத்தில், இந்த வயதில், வெட்கமாக இருந்தது, ஆனாலும் டப்பா நேராக வாட்ச்மேனுக்குப் போனது, மறுவாரம் வாய் மட்டும் கூசாமல், "பேஷா இருந்துது கைசர், ஆத்துல எல்லாரும் சப்புக்கொட்டிண்டு சாப்பிட்டோம்" என்றது.

போன வாரம் கைசர் கையைப் பிடித்துக்கொண்டு, "நம்மளால உங்களுக்கு வெயிட் ஏறிடப் போவுது மாமி, அப்பறம் என்னைத்தான் திட்டுவாங்க," என்றாள், அப்போதிலிருந்து தூக்கம் போயிற்று. இப்போது சங்கச் செயலாளர் சுந்தரராமன் மைக்கில் வாசிக்கிறார், ஷகீலா ஏற்றம், அவள் ஜோடி ஸ்ரீலக்ஷ்மி அதைவிட ஏற்றம், இரண்டு பேரும் ஒருத்தி டப்பாவை ஒருத்தி நக்கித் தீர்த்தவர்கள், தோளில் இடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள், டாக்டரம்மா தலையில் கைவைத்துக்கொள்கிறாள். சாப்பிட்டவர்களுக்கெல்லாம் ஏறியிருக்கிறது. எனக்கு மட்டும் இறங்கினால்? மைக்கிலேயே தெரிந்துவிடுமே, கைசர் முகம் என்ன ஆகும், நாளையிலிருந்து யாரோடு நடப்பது, தலைசுற்றுகிறது என்று சொல்லிவிட்டு ஓடிவிடலாமா... அதற்குள் கைசர் செருப்பைக் கழற்றிவிட்டு மெஷினில் ஏறிவிட்டாள். "கைசர் ஜஹான், நாலு கிலோ குறைவு! எல்லாரும் கை தட்டுங்கோ!"

தட்டினார்கள். சுப்புலக்ஷ்மியும் தட்டினாள், பாதியில் கை நின்றது. குறைவா? எப்படிக் குறையும்? வாராவாரம் நெய் சொட்டச் சொட்ட... நான் கிளறினது எங்கே போச்சு? சர்க்கரை வியாதியோ, அப்படி இருந்துவிட்டால் நன்றாக இருக்குமே, சே, ஒருத்திக்கு வியாதி இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறேனே. அவர்கள் படையல் சாப்பிடமாட்டார்கள் என்றுதான் சுவாமிக்குக் காட்டாமல் தனியாக எடுத்து வைத்தேன், அதையும் எத்தனை தடவை சொன்னேன், என் வார்த்தையை நம்பவில்லையா அவள், ஒரு வாய்கூடவா வைக்கவில்லை? கோபம் பொத்துக்கொண்டு வந்தது, கண்கூடக் கலங்கியது. புதுச் சட்டி என்று அவளும்தான் சொன்னாள். அது வேறு... எப்படி வேறு?

கைசர் இறங்கி வந்தாள், முகத்தைப் பார்க்கவில்லை, சுப்புலக்ஷ்மியின் கையிலிருந்த பையைத் தானே வாங்கிக்கொண்டாள், உள்ளே இன்றைக்குச் செய்த அக்காரவடிசில் இன்னும் சூடாக இருந்தது. "ஏறுங்க மாமி," என்றாள் மெதுவாக. ஏறினாள். பட்டுப் புடவை கனத்தது, முள் நடுங்கிக்கொண்டே ஏறி, பழைய எடைக்கு இடது பக்கமே நின்றது, இன்னும் கொஞ்சம் வலது பக்கம் வரக்கூடாதா என்று நிமிர்ந்து பார்த்தாள், கைசர் பையை நெஞ்சோடு அணைத்தபடி எட்டி நின்று அந்த முள்ளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.