ஆறாவது தோள்

"கையுறை ஒரு ஜோடி மிச்சமிருக்கு. யாருங்க வர்றது?" என்று சடங்கு நடத்துபவர் கேட்டபோது ஹேரான் தன் மகன் பக்கம் திரும்பவே இல்லை.

சவ வண்டி சேற்றில் அதற்கு மேல் ஏறாமல் நின்றுவிட்டது. இனி குழி வரைக்கும் அப்பாவின் பெட்டியைத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். பாஜூவில் இந்தக் குன்றுதான் வேண்டும் என்று அப்பா பிடிவாதமாகச் சொல்லியிருந்தார். உச்சியில் நின்றால் ஆற்றுக்கும் எல்லைக்கும் அப்பால் வடக்கு நாடு தெரியும். போரில் அவர் தாயை விட்டுவிட்டு வந்த ஊர் அந்தப் பக்கம்தான்.

ஐந்து பேர் தயார். அண்ணன் மகன் தேசிக், ஒட்ட வெட்டிய தலையோடு பட்டாளத்திலிருந்து துக்க விடுப்பில் வந்தவன், முன்னால் நின்றான். ஆறாவது ஆளாக ஹேரானின் மகன் இன்ஹோ கையை நீட்டினான்.

"அவனுக்கு முதுகு சரியில்ல," என்றாள் ஹேரான். "பாரம் தூக்கக் கூடாதுன்னு டாக்டர்..."

இன்ஹோ கையை மடக்கிக்கொண்டான். கட்டாயப் படைச்சேவைக்குப் போகாமலிருக்கத் தயார் செய்த முதுகுவலி அது. டாக்டர் சோதிக்கும்போது காலை எந்த உயரத்துக்குத் தூக்கினால் முகத்தைச் சுளிக்க வேண்டும் என்று கூடத்தில் படுக்கவைத்துப் பழக்கியவளே அவள்தான். எல்லைக் காவலில் ஒரு பையன் செத்ததை டிவியில் பார்த்த வாரம் அது. பயம் அவளைப் பிடுங்கித் தின்றது.

கொடுமை என்னவென்றால், போரில் சண்டை போட்ட அப்பா அதை நம்பிவிட்டார். குளிர் வந்தால் போதும், வலிக்கு ஒட்டும் பிளாஸ்திரிகளைப் பை நிறைய வாங்கிக்கொண்டு பஸ் ஏறி வந்துவிடுவார். "இந்த வயசுல பிள்ளைக்கு இப்படியா வரணும்" என்று தன் கையாலேயே ஒட்டிவிடுவார். இன்ஹோ குப்புறப் படுத்து வாயைத் திறக்காமல் கிடப்பான்.

"எங்கிட்ட குடுங்க," என்றான் அண்ணன் கிசொக்.

"மூத்த மகன் பெட்டி தூக்குற வழக்கமில்லீங்களே," என்றார் சடங்கு நடத்துபவர்.

"ஆள் இல்லியே, என்ன பண்றது?"

தங்கையைப் பார்க்காமல் கையுறையை மாட்டிக்கொண்டான். அவனுக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது.

பாதி ஏற்றத்தில் அவன் கால் வழுக்கியது. பெட்டி சாய்ந்தது. பின்னால் வந்த இன்ஹோ பாய்ந்து உள்ளே புகுந்து, பாரத்தைத் தோளில் வாங்கி, நிமிர்ந்தான். சொந்தபந்தம் அத்தனையும் பார்த்தது. உச்சி வரைக்கும் அவன் தோளை மாற்றவே இல்லை.

அண்ணி ஹேரானின் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள். "இன்ஹோவுக்கு இப்ப தேவலையா?"

"காலையிலதான் மாத்திரை போட்டான் அண்ணி."

நாக்கு தானாகச் சொல்லிவிட்டது, அப்பாவின் பெட்டிக்குப் பின்னால் நடந்துகொண்டே. ஹேரானுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

பெட்டி குழிக்குள் இறங்கியது. எல்லாரும் பார்க்க அவள் மகனிடம் போய் முதுகில் கை வைத்தாள்.

"வலிக்குதாடா?"

இன்ஹோ அவள் கையை எடுத்துவிட்டு, குழியின் ஓரத்தில் மண்டியிட்டான்.

"எனக்கு ஒருநாளும் வலிச்சதில்ல, தாத்தா."

தேசிக் போய் அவன் பக்கத்தில் நின்றான். கிசொக் முதல் மண்ணைப் போட்டுவிட்டு மண்வெட்டியைத் தங்கையிடம் நீட்டினான். ஹேரான் வாங்கி மண்ணை அள்ளினாள். போடக் கை வரவில்லை. மற்றவர்கள் வரிசையில் காத்திருந்தார்கள்.