தலையைப் பார்க்க எடுத்த வீடியோ

அடிக்கிற நேரத்தில் நான் தலையைத் தூக்கிவிடுகிறேன் என்று எங்கள் ஸ்னூக்கர் கிளப் கேப்டன் சொன்னபோது நம்பவில்லை. நான் லிஃப்ட் மெக்கானிக். எதை எப்போது தூக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் மனசுக்குள் ஒரு அரிப்பு. ஸ்னூக்கரில் குச்சியால் பந்தை அடித்தபிறகும் தலை அப்படியே இருக்க வேண்டும். என் தலையோ, வாசலில் மணி அடித்த மாதிரி எழுந்துவிடுமாம்.

மூன்று வாரம் என் ஆட்டத்தை வீடியோ எடுத்தேன். ஒரு சின்ன ஸ்டாண்டில் போனை மாட்டி, மேஜைக்குப் பக்கவாட்டில், பந்துகளின் உயரத்துக்குச் சற்று மேலே நிறுத்துவேன். வீட்டுக்கு வந்து மெதுவாக ஓடவிட்டுப் பார்ப்பேன். கேப்டன் சொன்னது உண்மைதான். கூடவே, உச்சியில் வட்டமாக வழுக்கை விழுந்திருப்பதும் தெரிந்தது. அதை யாரும் சொல்லியிருக்கவில்லை.

பலன் இல்லாமல் போகவில்லை. வெளிப் போட்டிகளுக்குப் போகிற கிளப் டீமில் காலியாயிருந்த ஒரே இடத்துக்குப் போன ஞாயிற்றுக்கிழமை எனக்கும் மச்சானுக்கும் ஆட்டம். மச்சான் என் மனைவியின் அண்ணன். கல்யாணமான புதிதில் என்னை அந்தக் கிளப்புக்குக் கூட்டிப்போனவரே அவர்தான். அந்த இடத்துக்காகப் பதினோரு வருஷம் நாக்கைத் தொங்கப்போட்டுக் காத்திருந்தேன். நாலு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தேன்.

புதன்கிழமை வேலையிலிருந்து வந்ததும் அந்த ஆட்டத்தின் முக்கியமான அடியைப் போட்டுப் பார்த்தேன். தூரத்து மூலையில் நீலப் பந்தை விழவைத்த அடி. தலை இம்மி அசையவில்லை. நாலு தடவை பார்த்து என்னை நானே மெச்சிக்கொண்டேன். ஐந்தாவது தடவைதான் தலையைத் தவிர வேறெதையாவது பார்க்கலாமே என்று தோன்றியது.

மேஜைமேல் எட்டிப் படுத்திருக்கிறேன். தலை நிற்கிறது. வயிறு நிற்கவில்லை. சட்டையின் கீழ்விளிம்பு பக்கத்திலிருந்த பிங்க் பந்தின்மேல் உரசுகிறது. பிங்க் ஒரு நூலளவு நகர்கிறது.

சட்டை பட்டாலும் ஃபவுல்தான். நீலத்துக்கான ஐந்து புள்ளி எனக்குக் கிடையாது. பிங்க்கைத் தொட்டதற்கு மச்சானுக்கு ஆறு போயிருக்கும். அதாவது நான் ஜெயிக்கவில்லை.

பழைய வீடியோக்களையும் எடுத்து, இந்தத் தடவை வயிற்றை மட்டும் பார்த்தேன். இன்னும் ஐந்து இடத்தில் உரசியிருந்தது.

எங்கள் கிளப்பில் ரெஃபரி கிடையாது. ஃபவுல் செய்தவனே எழுந்து நின்று, "என் தப்பு" என்று சொல்ல வேண்டும். எதிராளி வாயைத் திறப்பது அநாகரிகம். அந்தப் பழக்கத்தைப் பற்றி வெளியாட்களிடம் நெஞ்சை நிமிர்த்திப் பேசுகிறவன் நான்.

சட்டைகூட மாற்றாமல் கிளப்புக்குப் போனேன். மச்சானும் கேப்டனும் ஆடிக்கொண்டிருந்தார்கள். கேப்டன் பல் டாக்டர். வலிக்காது என்று சொல்லிவிட்டுப் பல்லைப் பிடுங்குகிறவரின் குரல் அவருக்கு.

"மச்சான், ஒண்ணு காட்டணும். மன்னிச்சிடுங்க, நான் ஜெயிக்கல" என்று போனை நீட்டினேன்.

மச்சான் பார்த்தார். முகத்தில் ஆச்சரியத்தைக் காணோம். "ஆமா, பிங்க் ஆடுச்சு."

"பார்த்தீங்களா?"

"நேர் எதிர்லதானே நின்னேன் மாப்பிள்ளை."

"அப்பவே சொல்லியிருக்கலாமே!"

"தொட்டவன்தான் சொல்லணும்."

கேப்டன் குச்சியின் நுனியில் சுண்ணக்கட்டியைத் தேய்த்தபடியே சிரித்தார். "உங்க தொப்பை எப்பவும் தனியா ஒரு ஆட்டம் ஆடுமே! உங்களோட ஆடும்போது நாங்க எல்லாரும் மனசுக்குள்ள உங்க கணக்குல பத்து புள்ளி கழிச்சுக்குவோம். பழகிப்போச்சு."

"எத்தனை நாளா?"

"நீங்க வந்ததிலேருந்து."

பதினோரு வருஷம். என்னோடு ஆட அவர்கள் சளைக்காமல் வந்தது, என் ஜோக்குகளுக்குச் சிரித்தது, தோளில் தட்டியது எல்லாம் கண்முன் ஓடின. ஒவ்வொன்றிலிருந்தும் பத்து பத்தாகக் கழித்துப் பார்த்தேன்.

"சத்தியமா எனக்குத் தெரியாது மச்சான்."

இரண்டு பேரும் மேஜையைப் பார்த்தார்கள். பிறகு மச்சான் கேட்டார்: "அப்ப இன்னிக்கு ஏன் சொல்றீங்க? வீடியோல விழுந்துட்டதாலயா?"

ஆமாம் என்பதுதான் உண்மையான பதில். ஆனால் அப்படிச் சொன்னால் பிடிபட்டபிறகு ஒப்புக்கொள்கிற ஆளாகிவிடுவேன். இல்லை என்றால் பொய்யனாகிவிடுவேன். போனை அணைத்துப் பையில் போட்டேன்.

"டீம்ல அந்த இடத்தை நீங்களே எடுத்துக்கங்க" என்றேன் கடைசியில்.

"வேணாம். நீங்க பிச்சை போட்டுத்தான் எனக்குக் கிடைக்கணுமா?"

"லிஸ்ட் குடுத்தாச்சு" என்றார் கேப்டன். "நீங்களே ஆடுங்க. ஆனா அங்க ரெஃபரி இருப்பாரு. சட்டையை உள்ள விட்டுக்குங்க, சரியா?"

டீமில் எனக்கு இடம் உறுதியான விதம் அதுதான்.

வீட்டில் மனைவி சாப்பாட்டு மேஜையில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எதிரில் உட்கார்ந்து நடந்ததையெல்லாம் சொன்னேன். இடையில் என் வழக்கப்படி தொப்பையை வைத்து இரண்டு ஜோக் அடித்தேன். அவள் சிரிக்கவில்லை. சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள்.

"அண்ணன் சொல்லியிருக்கு" என்றாள்.

"எப்ப? இன்னிக்கா?"

"நமக்குக் கல்யாணமாகி ஆறு மாசம் இருக்கும். 'உன் வீட்டுக்காரர் தொட்டுட்டுத் தொடாத மாதிரி நிக்கிறாரு'ன்னுச்சு. எனக்கு அன்னிக்குச் சாப்பாடே எறங்கல."

"என்கிட்ட ஏன் கேக்கல?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன். அப்புறம் விளையாட்டுல மட்டும்தானேன்னு விட்டுட்டேன்." பேனாவைத் தாள்கட்டின்மேல் நகர்த்தினாள். "மட்டும்தானான்னு சில சமயம் யோசிச்சிருக்கேன்."

எந்தெந்தச் சமயம் என்று கேட்கத் துணிவில்லை. நான் தாமதமாக வந்த நாட்கள், சம்பளம் ஏன் குறைந்தது என்று விளக்கிய மாதங்கள், தொலைந்துபோனது என்று சொன்ன அவளுடைய குடை. நான் சொன்னதெல்லாமே நிஜம். எல்லாவற்றையும் அவள் தலையாட்டிக் கேட்டிருக்கிறாள்.

"எனக்கு நெஜமாவே தெரியாதும்மா. சட்டை பட்டது எனக்குத் தெரியல. நம்புறியா?"

தங்கள் மகன் காப்பியடிக்கவே மாட்டான் என்று சாதிக்கிற பெற்றோர்கள் அவளுக்கு அடிக்கடி வீட்டுக்கே போன் பண்ணுவார்கள். அவர்களிடம் அவள் குரலை உயர்த்தியதே இல்லை. கடைசிவரை பொறுமையாகக் கேட்டு, ஒரே ஒரு வார்த்தை சொல்லிப் போனை வைத்துவிடுவாள்.

"சரிங்க" என்றாள் என்னிடம், அதே மரியாதையோடு. அடுத்த தாளை எடுத்தாள்.