வர்த்தகர் சங்கத்துப் பிறை

இருட்டை வெல்லப் பிறந்தவன் மனிதன். குகை வாசலில் முதல் தீப்பந்தம் ஏற்றிய நாளிலிருந்து மானுட வரலாறு என்பது வெளிச்சத்தின் வரலாறே. வெளிச்சம் எங்கே நிற்கிறதோ அங்கேதான் நாகரிகமும் நிற்கிறது.

இந்த இடத்தில் டிரான்ஸ்பார்மரில் ஃபியூஸ் போயிற்று.

பேசிக்கொண்டிருந்தவர் எங்கள் ஊர் வர்த்தகர் சங்கத் தலைவர் கலீல் ரஹ்மான். ஏலக்காய், மிளகு மொத்த வியாபாரம். மைக் செத்துப்போனதால் நாகரிகம் மேற்கொண்டு எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. 2009இல், ரம்ஜான் நோன்பு தொடங்கிய சமயம் அது. கம்பம் ரோட்டில், பள்ளிவாசலுக்கு நேர் மேற்கே, சங்கம் ஓர் இரும்புக் கோபுரம் நட்டிருந்தது. உச்சியில் பல்புகளால் கட்டிய ஆளுயரப் பிறையும் நட்சத்திரமும். அடியில் வானத்தைப் பார்த்து நிமிர்த்தி வைத்த ஃபோகஸ் லைட்டுகள். சின்னமனூரில் நின்று பார்த்தாலும் எங்கள் ஊர் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டுமாம். சின்னமனூர்க்காரர்கள் அதுவரை அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தகவல் இல்லை.

கோபுரத்தின் காலில் சங்கம் ஒரு ஃப்ளெக்ஸும் கட்டியிருந்தது: 'மின்சாரம் நாட்டின் செல்வம், சிக்கனம் நம் கடமை.' ராத்திரியிலும் படிக்க வசதியாக அதற்குத் தனியே இரண்டு லைட்டுகள். மின் சிக்கன விழிப்புணர்வுக் குழுவுக்கும் கலீல் ரஹ்மான்தான் தலைவர்.

மின்வெட்டு அமலில் இருந்த வருடம். சாயங்காலம் ஆறு மணிக்குப் போகும் கரண்டு எட்டு மணிக்கு வரும். ஊர் மெழுகுவர்த்தியில் நோன்பு திறக்கும். பிறை மட்டும் ஜெனரேட்டரில் எரியும். எட்டு மணிக்குக் கரண்டு வந்ததும் பிறையை லைனுக்கு மாற்றுவார்கள். மேலத்தெருவில் ஃபேன்கள் இறக்கையை எண்ணிப்பார்க்கிற வேகத்தில் சுற்றத் தொடங்கும். தண்ணீர்த் தொட்டி மோட்டார் உறுமிவிட்டு அடங்கும். காகங்கள் நடுச்சாமத்தில் விடிந்துவிட்டதென்று கத்தும். பூச்சிகள் வெளிச்சத்துக்கு வந்து நோன்புக் கஞ்சியில் விழும். சங்கத்தில் புகார் சொன்னவர்களிடம், "வளர்ச்சின்னா நாலு பூச்சி வரத்தான்யா செய்யும்" என்றார் தலைவர்.

இதையெல்லாம் ஊர் பொறுத்துக்கொண்டது. இருபத்தொன்பதாம் நோன்பன்று சாயங்காலம்தான் பொறுக்க முடியாமல் போனது.

அன்று பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள். தெரியாவிட்டால் முப்பதாம் நோன்பு; பெருநாள் அதற்கும் அடுத்த நாள். பக்கத்து ஊர்களுக்கு, பிறை தெரிந்ததென்று சென்னையிலிருந்து ஒரு போன் வந்தால் போதும். எங்கள் ஊருக்குப் போதாது. ஒரு வருடம் யாரோ போனில் சொன்ன தகவலை நம்பி ஊரே பிரியாணிக்குக் கறி வெட்டிவிட்டுத் திருதிருவென்று முழித்ததிலிருந்து, நம் பள்ளிவாசல் மொட்டைமாடியில் நின்று நம் கண்ணால் பார்த்தால்தான் பிறை என்று ஜமாத்தில் தீர்மானம் இருந்தது. முன்மொழிந்தவர் கலீல் ரஹ்மான். சென்னை என்ன, சந்திரனே போன் செய்தாலும் ஏற்பதில்லை என்று அன்றைக்குப் பேசியிருந்தார்.

இதில் மாட்டிக்கொண்டவள் லத்திபா. பள்ளிவாசலை ஒட்டின வீடு, விதவை. மகன் ஆரிப்புக்குச் சவூதியில், தம்மாமில் வேலை. ஆறு வருடமாக அவன் பெருநாளுக்கு வீட்டில் இல்லை. இந்த வருடம் வந்தான். ஆனால் லீவு மறுநாளோடு முடிகிறது. மறுநாள் சாயங்காலம் குமுளி வழியாக ஜீப். அதற்கடுத்த விடியற்காலை கொச்சி நெடும்பாசேரியில் விமானம். சவூதியில் அன்றைக்கே பெருநாள் முடிந்துவிட்டது. இங்கே மறுநாள் வராவிட்டால், அங்கேயும் இல்லாமல் இங்கேயும் இல்லாமல், பெருநாளன்று அவன் ஆகாயத்தில் இருப்பான்.

அந்தி நேரத்து மஃரிப் தொழுகை முடிந்து ஆண்கள் மொட்டைமாடிக்கு ஏறினார்கள். மேற்கே மலை. மலைக்கு மேல் மேகம். இரண்டுக்கும் நடுவே இருந்திருக்க வேண்டிய வானத்தில் வர்த்தகர் சங்கத்துப் பிறை ஜெகஜோதியாக எரிந்துகொண்டிருந்தது. கையால் மறைத்துப் பார்த்தார்கள். துண்டால் மறைத்துப் பார்த்தார்கள். புகையும் பூச்சியும் மஞ்சள் மூட்டமும்தான் தெரிந்தன. பிறை மலைக்குப் பின்னால் இறங்க அரை மணி நேரம்கூட இல்லை.

லத்திபா தன் வீட்டு மாடியிலிருந்து கேட்டாள். "ஹஜ்ரத், ஏதாச்சும் தெரியுதா?"

"எல்லாம் தெரியுதும்மா. வானம் மட்டும் தெரியல" என்றார் ஹஜ்ரத். பள்ளிவாசல் இமாம் அவர், மெதுவாகப் பேசுபவர்.

"விளக்க அமத்தச் சொன்னா என்ன?"

ஹஜ்ரத் கீழே பார்த்தார். கலீல் ரஹ்மான் சால்வையோடு ரோட்டோரம் நின்றுகொண்டிருந்தார். தேனியிலிருந்து ஓர் அதிகாரி வருகிறார். 'இந்த ஆண்டின் சிறந்த நகர அழகு' என்று சங்கமே செய்த கேடயத்தைச் சங்கத்துக்கே அவர் கையால் வழங்கப்போகிறார். ஹஜ்ரத் மறுபடி மேற்கே திரும்பிக்கொண்டார். அவருக்குச் சம்பளம் கொடுக்கும் ஜமாத்திலும் கலீல் ரஹ்மான் பெரிய ஆள்.

லத்திபா இறங்கி ஓடினாள். ஆரிப் பின்னாலேயே ஓடினான். "ம்மா, விடும்மா. ஊரே பாக்குது."

"பாக்கட்டும். பாக்கத்தான ஏறி நிக்கிறாக."

கோபுரத்தடியில் லைன்மேன் காமராஜ் சைக்கிளோடு நின்றிருந்தார். அவரைப் பிடித்தாள். "ஏ காமராசு, ஒரு பத்து நிமிசம் கரண்ட நிப்பாட்டுப்பா."

"நல்லாக் கேட்டீக போங்க. கரண்டு ஆறு மணிக்கே போயிருச்சேக்கா. ஊருக்கே இருட்டுக் குடுத்திட்டேன். அது உங்க தலைவருக்குப் பிடிக்கல, ஜெனரேட்டர் வச்சிருக்காக. என்னயப் போயி என்ன செய்யச் சொல்றீக?"

ஜெனரேட்டர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தவர் வைகுண்டராஜ். கல்யாணம், கோயில் கொடை, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் ஒளி ஒலி அமைப்பவர். பிறையைக் கட்டியவரும் அவரே.

"அண்ணே, ஒருக்கா அமத்திட்டுப் போடுங்க. எம்புள்ள பெருநாளு போயிரும்ணே."

"தலைவர் சொல்லாம சுவிச்சுல கை வக்க மாட்டேன்க்கா. மேல சீரியல் பல்பு மாலை அறுந்ததுக்கே நேத்து என்னயப் போட்டு வறுத்தெடுத்திட்டாக."

இதற்குள் இளவட்டம் ஒன்று மொட்டைமாடியிலிருந்து கத்தியது. "ஏ வைகுண்டராசு அண்ணே, உம் பெறைக்குக் கொஞ்சம் தீவனம் கம்மியாப் போடு, எங்க பெறைய முட்டித் தள்ளுது!"

மேலே சிரித்தார்கள். அடுத்த நிமிடமே சிரிப்பு நின்றுவிட்டது. மலைமேல் மேகம் நகர்ந்துகொண்டிருந்தது. மேகத்துக்குப் பின்னால் எது நகர்கிறது என்றுதான் தெரியவில்லை.

லத்திபா தலைவரிடம் போனாள். "கலீல் அண்ணே..."

"ஏத்தா, இப்பப் போயி வந்து நிக்கிறியே. அதிகாரி சின்னமனூர் தாண்டிட்டாக."

"பத்து நிமிசம் விளக்க அமத்துனா பெறையப் பாத்துரலாம்ணே."

"எதுக்கு அமத்தணும்? வெளிச்சம் இருந்தா நல்லாத்தான தெரியும்?"

எங்கள் ஊரில் தலைவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. சட்டையில் ரெனால்ட்ஸ் பேனாக்கள் குத்திய மனிதர் ஒன்றைச் சொன்னால் அது இயற்பியலாகவே தோன்றிவிடுகிறது.

"அவரு வர்றப்ப ஊரு இருட்டாக் கெடந்தா என்ன நெனப்பாரு?" என்று கேட்டுவிட்டு அவர் சால்வையைச் சரிசெய்தார். "பெருநாளு ஒரு நா தள்ளிப்போனா ஒண்ணும் கொறஞ்சு போகாது."

ஆரிப் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தான். "வாம்மா. போனா போகுது. நான் அங்கன போயி ஹோட்டல்ல பிரியாணி தின்னுக்கறேன்."

'அங்கன' என்ற அந்தச் சொல்தான் லத்திபாவுக்குப் புத்தியைத் திறந்துவிட்டது. கெஞ்சுகிற குரலை மடித்து வைத்துவிட்டு, யாரோ யாருக்கோ சொல்வது மாதிரிச் சொன்னாள்.

"அதுவும் சரிதாண்ணே. உத்தமபாளையத்துல எப்பிடியும் பாத்துருவாக. நாளைக்கு எல்லாப் பேப்பர்லயும் அந்தூருப் பேருதான் வரும். மொதல்ல பாத்தவரு போட்டோவையும் போட்டாலும் போடுவாக. நம்மூருல மொதச் சாட்சி நீங்களா இருப்பீகன்னு நெனச்சேன். உங்களுக்கு நேரமில்ல, பாவம்."

கலீல் ரஹ்மான் ரோட்டைப் பார்த்தார். கோபுரத்தைப் பார்த்தார். உத்தமபாளையம் இருக்கும் திசையையும் ஒருதரம் பார்த்தார்.

"ஏலே வைகுண்டராசு! அமத்துடா. அஞ்சே நிமிசம்!"

சொல்லிக்கொண்டே சால்வை ரோட்டில் இழுபட மொட்டைமாடிக்கு ஏறினார். ஜெனரேட்டர் இருமிவிட்டு நின்றது.

முதலில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. கண்ணுக்குள் பல்புப் பிறை பச்சையாக மிதந்தது. இமைத்து இமைத்து அது கரைந்ததும் மலை வந்தது. அதன் முதுகு, மடிப்பு, ஒற்றையாக நீட்டிக்கொண்டு நிற்கும் பாறை. பிறகு நட்சத்திரங்கள் வந்தன. நான்கு வாரமாக அவை வேறெங்கும் போயிருக்கவில்லை. இளவட்டங்களின் கத்தல் தானாக அடங்கியது. மேகம் மட்டும் விலகவில்லை.

"எங்கய்யா?" என்றார் கலீல் ரஹ்மான்.

"பொறுங்க" என்றார் ஹஜ்ரத்.

"அஞ்சு நிமிசம் ஆச்சே."

ரோட்டில் ஹாரன் கேட்டது. வடக்கேயிருந்து ஒரு காரின் விளக்கு வந்துகொண்டிருந்தது. தலைவர் கைப்பிடிச் சுவரில் குனிந்து கூவினார். "வைகுண்டராசு, ஸ்டார்ட் பண்ணு! அதிகாரி வந்திட்டாக!"

வைகுண்டராஜ் கைப்பிடியை மாட்டிச் சுழற்றினார். ஜெனரேட்டர் ஒருமுறை இருமியது. பற்றவில்லை. மறுபடி சுழற்றினார். அதற்குள் தன் வீட்டு மாடிக்குத் திரும்பியிருந்த லத்திபா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆரிப் மேற்கே பார்க்கவில்லை, அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாவது முறை இயந்திரம் படபடவென்று உயிர் பிடித்தது. பிறையின் சுவிட்சைத் தட்டுவதுதான் பாக்கி.

"ஹஜ்ரத்! அந்தா, பாறைக்கு இடது கைப்பக்கம்!" லத்திபாவின் குரல் கிறீச்சிட்டது.

மேகத்தின் அடி கிழிந்திருந்தது. கிழிசலில், தோணி போலச் சாய்ந்து, வெட்டிப்போட்ட நகத்துணுக்கு அளவுக்கு ஒரு கோடு. ஒருத்தர் பார்த்தார். இன்னொருத்தர் பார்த்தார். பிறகு மாடி முழுவதும் ஒரே நேரத்தில் கை நீட்டியது. அல்லாஹு அக்பர் என்று தக்பீர் முழங்கியதில் வைகுண்டராஜ் பயந்துபோய் ஜெனரேட்டரை நிறுத்திவிட்டார்.

மேகம் மூடிக்கொண்டது.

ஹஜ்ரத் அங்கேயே உட்கார்ந்து சாட்சி கேட்டார். முதல் மரியாதை தலைவருக்கு. "பாத்தீகளா?"

"நான்தான் மொதல்ல பாத்தேன்."

"கொம்பு எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"நேரா, நட்டக்குத்தலா. ரெண்டு கொம்பும் வலது பக்கம். நடுவுல..." அவர் நட்சத்திரம் வரை போகவில்லை; அதற்குள் மாடியில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

ஹஜ்ரத் மேற்கே அணைந்து நின்ற கோபுரத்தை ஒருமுறை பார்த்தார். ஆயுளில் முதன்முறையாகத் தைரியமாக ஒரு வாக்கியம் சொன்னார். அதையும் மெதுவாகத்தான் சொன்னார்.

"தலைவரே, நீங்க பாத்தது வைகுண்டராசு கட்டுனது."

மற்றவர்களின் சாட்சி போதுமானதாக இருந்தது. நாளை பெருநாள் என்று அறிவிப்பு வந்ததும் லத்திபா மாடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஆரிப் சிரித்தான். "இதுக்குத்தானா இந்தக் கூத்து?"

"வாய மூடுறா. நாளைக்குக் காலைல தொழுதிட்டு நேரா வீட்டுக்கு வா. ஒரு வாயாச்சும் எங் கையால வாங்கித் திங்கணும்."

அதிகாரி இருட்டில் இறங்கி, மேலே நிமிர்ந்து பார்த்து, "நல்ல காத்தா இருக்கே உங்க ஊர்ல" என்றார். கேடயத்தில் எழுதியிருந்ததை வாசிக்க முடியாததால் உரை சுருக்கமாக முடிந்தது. விளக்கைப் போடலாமா என்று வைகுண்டராஜ் கேட்டபோது மாடியிலிருந்து ஒரே குரலாக வேண்டாம் என்றார்கள். எட்டு மணிக்குக் கரண்டு வந்தது. மேலத்தெரு ஃபேன்கள் இறக்கை தெரியாமல் சுற்றின. தொட்டியில் தண்ணீர் ஏறியது. தெரு அன்றைக்கு ராத்திரி இருட்டாகக் கிடந்தது.

விடியுமுன்பே எழுந்த லத்திபா புதுச் சட்டையை மகனின் தலைமாட்டில் வைத்து, இரண்டு தடவை குரல் கொடுத்துவிட்டு, பக்கத்து வீட்டு முபீனாவோடு சேர்ந்து பிரியாணிக்கு உலை வைக்கப் போனாள். பெருநாள் தொழுகை நல்ல கூட்டத்தோடு நடந்து முடிந்தது. ஆரிப் அப்போது தூங்கிக்கொண்டிருந்தான்.